எப்போது சொட்டுகிறது?

கீசருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது என்று யார் சொன்னாலும் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. எப்போது என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. தரை நனைந்ததைப் பார்த்திருப்பார்கள், வாளி வைத்திருப்பார்கள், கீசரைத் திட்டியிருப்பார்கள். மணியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும். சில சமயம் பழுதே இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் இருப்பது சுவரில் மாட்டிய 15 லிட்டர் கீசர். அடியில் இரண்டு குழாய். நீல வளையம் போட்டது பச்சைத்தண்ணீர் உள்ளே போக, சிவப்பு வளையம் போட்டது வெந்நீர் வெளியே வர. நீல வளையத்தை ஒட்டி ஒரு பித்தளை வால்வு. அதில் ஒரு சின்ன லீவர், பக்கவாட்டில் எப்போதும் திறந்திருக்கும் ஒரு மூக்கு. சேஃப்டி வால்வு என்பார்கள், பிரஷர் ரிலீஃப் வால்வு என்பார்கள், பெட்டியோடு வரும் கையேட்டில் மல்டி ஃபங்ஷன் வால்வு என்று போட்டிருக்கும். அந்தச் சின்ன உடம்புக்குள் இரண்டு வேலை நடக்கிறது. உள்ளே போன தண்ணீர் வந்த வழியே திரும்பாமல் தடுப்பது ஒன்று. கீசருக்குள் அழுத்தம் எல்லையைத் தாண்டினால் ஸ்பிரிங் விலகி, மூக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரை வெளியே விடுவது இன்னொன்று. அந்த எல்லை எவ்வளவு என்று வால்வின் மேலேயே பொறித்திருக்கும். சுவர்க் கீசர்களில் பெரும்பாலும் 8 பார்; பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. 0.8 எம்பிஏ என்று போட்டிருந்தாலும் அதே அளவுதான். தரையில் நிற்கும் பெரிய டாங்குகளில் வால்வு மேல்பக்கம் இருக்கும். அது அழுத்தத்துக்கும் திறக்கும், சூடு 99 டிகிரியை நெருங்கினாலும் திறக்கும். நான் இங்கே பேசுவது சுவர்க் கீசரைப் பற்றி.

மேலே சொன்ன இரண்டு வேலைகளும் சேர்ந்துதான் எல்லாக் குழப்பத்தையும் உண்டாக்குகின்றன. தண்ணீர் சூடானால் விரியும். இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்; எவ்வளவு விரியும் என்பதுதான் யாருக்கும் நினைவிருக்காது. 25 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 60 டிகிரிக்குப் போனால் சுமார் 1.4 சதவீதம் விரியும். கேட்கச் சின்ன எண். 15 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 200 மில்லிக்கு மேல் வரும். ஒரு டம்ளர் தண்ணீர்! இந்த ஒரு டம்ளர் எங்கே போகும்? திரும்பிப் போகும் வழியை வால்வின் தடுப்பு அடைத்திருக்கிறது. வெந்நீர்க் குழாய் மூடியிருக்கிறது. அமுக்கினால் அடங்கிப்போகிற பொருளும் அல்ல தண்ணீர். அழுத்தம் ஏறிக்கொண்டே போய் 8 பாரைத் தொட்டதும் மூக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே வருகிறது. ஆகவே, கீசர் விளக்கு எரியும்போது சொட்டி, விளக்கு அணைந்த கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் அந்த வால்வைத் தொடாதீர்கள். அது தன் வேலையைத்தான் செய்கிறது.

எங்கள் பழைய வால்வு அப்படி இல்லை. நேரம் காலம் இல்லாமல் சொட்டியது. காலையில் குளித்து முடித்து கீசரை அணைத்து, மாலை வரை யாரும் அந்தப் பக்கம் போகாத நாளிலும் வாளியில் தண்ணீர் இருந்தது. கீசர் ஆறிப்போய்க் கிடக்கும்போதும் நேரம் பார்க்காமல் சொட்டுகிறதென்றால் விரிவு காரணமில்லை, வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். உள்ளே ஒரு ரப்பர் வட்டு, பித்தளை விளிம்பின் மேல் உட்கார வேண்டும். அந்த இடத்தில் ஒரு மணல் துகள், ஒரு உப்புத் துணுக்கு, குழாய் மாட்டியபோது சுற்றிய டேப்பின் நூல், இதில் ஏதாவது ஒன்று மாட்டினாலே போதும். நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொண்டால், சுமார் 20 சொட்டு ஒரு மில்லி, ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் போய்விடும்.

இதற்கு முதல் வைத்தியம் லீவர். மூக்கில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, மறுமுனையை வாளிக்குள் விட்டு, கீசரை அணைத்து ஆறவிட்டு, லீவரை முழுசாகத் தூக்க வேண்டும். அரைகுறையாகத் தூக்கினால் தண்ணீர் மெல்லத்தான் ஓடும், துகள் அங்கேயே உட்கார்ந்திருக்கும். முழுசாகத் தூக்கி நன்றாக ஓடவிட்டு, பட்டென்று விட வேண்டும். நாலைந்து தடவை செய்தால் மாட்டியிருந்தது அடித்துக்கொண்டு போய்விடும். எங்கள் வால்விலிருந்து வெள்ளைத் துணுக்குகளாக வந்தன. சொட்டு நின்றது, பிறகு திரும்ப ஆரம்பித்தது. எங்கள் தண்ணீரில் உப்பு அதிகம். சுண்ணாம்பு உப்புக்கு ஒரு விசித்திர குணம்: சர்க்கரை சூட்டில் கரையும், இது சூட்டில் பிரிந்து படியும். ரப்பர் வட்டில் பள்ளம் விழுந்துவிட்ட பிறகு எத்தனை கழுவினாலும் பயனில்லை. சிலர் வால்வைக் கழற்றி வினிகரில் ஊறப்போடச் சொல்வார்கள். வெளியே படிந்த உப்பு அதில் கரையும், உண்மைதான். தேய்ந்த ரப்பரும் தளர்ந்த ஸ்பிரிங்கும் வினிகரில் சரியாகாது. உயிரைக் காக்கிற ஒரு பாகத்தை ஊறவைத்துத் தேய்த்துத் திரும்ப மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. புதிதாக மாற்றிவிட்டோம்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். புது வால்வும் சொட்டியது.

"புதுசுக்குமா இந்தக் கதி? ஏம்மா, இதையும் மாத்திட்டு வேற போடச் சொல்லேன்" என்றார் அத்தை. வால்வை மாற்றிக் கொடுத்த பிளம்பர் தம்பியும் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நான் வழக்கம்போல மணியைப் பார்க்க ஆரம்பித்தேன். கீசர் போட்ட சில நிமிடங்களில் தொடங்குகிறது. விளக்கு அணைந்ததும் குறைகிறது, நிற்கிறது. மறுபடி கீசர் போடும்வரை ஒரு சொட்டு கிடையாது.

சரி, இது விரிவினால் வருவது. ஆனால் பழைய வால்வு நன்றாக இருந்த காலத்தில், கீசர் சூடாகும்போது ஒரு நாளும் இப்படிச் சொட்டியதில்லையே? இதற்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. விடை, குளியலறையின் பச்சைத்தண்ணீர்க் குழாயில் இருந்தது. முன்பெல்லாம் கீசர் ஓடும்போது அதைத் திறந்தால் முதலில் வெதுவெதுப்பாக வரும், பிறகுதான் குளிரும். வெயிலில் காய்ந்த குழாய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் பழைய வால்வின் தடுப்பு எப்போதோ செத்துப்போயிருந்திருக்கிறது. விரிந்த தண்ணீர் தடையில்லாமல் வந்த வழியே திரும்பி, குழாய் ஏறி மாடித் தொட்டிப் பக்கம் போயிருக்கிறது. அதனால்தான் மூக்கு வழியாக வரவேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தது. புது வால்வில் தடுப்பு ஒழுங்காக வேலை செய்கிறது, ஆகவே சொட்டுகிறது. நல்ல வால்வு சொட்டுகிறது, கெட்ட வால்வு சொட்டவில்லை! இதை வீட்டில் சொல்லிப் புரியவைப்பது வால்வு மாற்றுவதைவிடக் கஷ்டமான வேலை.

மூக்குக்கு அடியில் அளவுக் கோப்பை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். முழு டாங்கும் ஆறியிருந்தபோது கீசர் போட்டு, விளக்கு அணையும்வரை யாரும் வெந்நீர் எடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். 170 மில்லி. கணக்குப்படி வந்திருக்க வேண்டியது 210. உள்ளே எங்காவது கொஞ்சம் காற்று அடைபட்டிருந்தால் அது அமுங்கி இடம் கொடுக்கும், அழுத்தத்தில் டாங்கும் துளி புடைக்கும், குறைந்தது அதனால்தான் இருக்கும். ஒட்டிவருகிற கணக்குதான். அத்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் எடுபடவில்லை. அவரை நம்பவைத்தது வேறொரு சோதனை: விளக்கு எரிந்து, மூக்கு சொட்டிக்கொண்டிருக்கும்போதே வெந்நீர்க் குழாயைத் திறந்து அரைக் குவளை பிடித்தேன். அந்த நொடியே சொட்டு நின்றுவிட்டது. விரிந்த தண்ணீருக்கு வேறு வழி கிடைத்துவிட்டதல்லவா. உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். குழாயைத் திறந்ததும் சொட்டு நிற்கிறதென்றால் அது விரிவுதான். திறந்தும் சொட்டிக்கொண்டே இருந்தால் வால்வு மூடவில்லை.

பிளம்பர் தம்பியிடம் ஒரு யோசனை இருந்தது. "அக்கா, மூக்குல ஒரு எண்ட் கேப் போட்டுட்டா தீர்ந்துச்சு. சொட்டவே சொட்டாது." நல்ல பிள்ளை, கைவேலை சுத்தம், ஆனால் இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே யோசனையைப் பல வீடுகளில் செய்து வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மூக்கை அடைத்த கீசர், வெயிட் வால்வை ஒட்டி அடைத்த குக்கர். பாதுகாப்பு வால்வின் பரம்பரையே அங்கிருந்துதான் வருகிறது. 1679இல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், எலும்பை மெதுமெதுவென்று வேகவைக்க இறுக மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்தார். அது வெடிக்காமல் இருக்க அவர் மேலே பொருத்தியது, எடையைத் தொங்கவிட்ட நெம்புகோல் வால்வு. அன்று எடை, இன்று ஸ்பிரிங். மற்றபடி அதே யோசனைதான்.

அடைத்தால் என்ன ஆகும்? சூட்டை அளவோடு நிறுத்துகிற தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தாலும் டாங்கு தப்பாது. ஒவ்வொரு தடவை சூடாகும்போதும் அந்த ஒரு டம்ளர் தண்ணீரின் அழுத்தத்தை டாங்கின் வெல்டிங்கும் உள்பூச்சும் தாங்கும். தாங்கித் தாங்கி ஒரு நாள் விரிசல் விடும். தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்கத் துணையாக இருக்கிற கட்-அவுட்டும் சேர்ந்து கெட்டுப்போகும் நாளில்தான் பேராபத்து. மூடிய டாங்கில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 8 பார் அழுத்தத்தில் அது கொதிக்க சுமார் 175 டிகிரி ஆக வேண்டும். அந்த நிலையில் டாங்கு கிழிந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கும், 15 லிட்டரில் எட்டில் ஒரு பங்காவது அக்கணமே நீராவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். இரண்டு லிட்டர் என்றால் ஒரு குளியலறையின் கணிசமான பகுதி. 1982 ஜனவரியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு பள்ளியில் வெந்நீர் டாங்கு வெடித்து 7 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தம்பியிடம் இதைச் சொன்னேன். எண்ட் கேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "டியூப் மாட்டி டிரெயினுக்கு விட்டுடலாம்க்கா" என்றார். அதுதான் சரி. டியூப் முழுக்கச் சரிவாகக் கீழ்நோக்கிப் போக வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது, முனை தண்ணீருக்குள் மூழ்காமல் திறந்தே இருக்க வேண்டும்.

இனி இன்னொரு வகை நேரம்: கீசர் போடாதபோது, அதுவும் ராத்திரியில் மட்டும், அல்லது மோட்டார் ஓடும்போது மட்டும் சொட்டுவது. இதில் கீசர் குற்றவாளியே இல்லை. உள்ளே வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகம். மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு இந்தப் பிரச்சினை வராது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார்தான். தொட்டி இரண்டு மாடி மேலே இருந்தாலும் 8 பாருக்கு எட்டாத தூரம். பொதுக் குழாயோடு நேரடியாக இணைத்த வீடுகளிலும், உயரமான கட்டடங்களின் கீழ்த்தளங்களிலும், பிரஷர் பம்பு வைத்த வீடுகளிலும்தான் பார்க்க வேண்டும். ராத்திரியில் ஊரே குழாயை மூடிவிடுவதால் பொதுக் குழாயில் அழுத்தம் ஏறும். பம்பு ஒன்றும் வேண்டாம், வாஷிங் மெஷின் தண்ணீர் எடுப்பதைப் பட்டென்று நிறுத்தும்போது குழாயில் 'டங்' என்று சத்தம் கேட்கிறதே, அந்த அதிர்ச்சிக்கே தளர்ந்த வால்வு ஒரு வாய் துப்பிவிடும். ஊகிக்க வேண்டாம்; குழாய் முனையில் திருகி மாட்டுகிற பிரஷர் கேஜ் ஒன்று கிடைக்கும், அதை ராத்திரி மாட்டிவிட்டுக் காலையில் பார்க்கலாம். உச்ச அளவில் நிற்கிற இரண்டாம் முள் வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. பல கையேடுகள் 5 பாருக்கு மேல் போனால் வீட்டுக்குள் வரும் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு போடச் சொல்கின்றன. சொட்டே ஆகாது, ஒரு டம்ளர்கூட வீணாகக் கூடாது என்பவர்களுக்கு எக்ஸ்பான்ஷன் டாங்கு இருக்கிறது. நடுவில் ரப்பர் தடுப்பு, ஒரு பக்கம் காற்று. விரியும் தண்ணீரை அது வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே அது இருந்தும் சொட்டினால், காற்றடிக்கும் பின்னை அமுக்கிப் பாருங்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது.

சொட்டுகிற தண்ணீர் சுடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சுவர்க் கீசரில் வால்வு இருப்பது டாங்கின் அடிப்பகுதிக் குழாயில். அங்கே இருப்பது பச்சைத்தண்ணீர். ஆகவே சொட்டு குளிர்ச்சியாகவோ, போனால் போகிறதென்று வெதுவெதுப்பாகவோதான் இருக்கும். கை வைக்க முடியாத சூட்டில் வந்தாலோ, ஆவி பறந்தாலோ, கீசருக்குள்ளே இரைச்சலாகக் கொதிக்கிற சத்தம் கேட்டாலோ தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்தவில்லை என்று அர்த்தம். அப்போது லீவர் பக்கமே போகக் கூடாது. மெயினில் மின்சாரத்தை அணைத்துவிட்டு, குளியலறையை விட்டு வெளியே வந்து, தானாக ஆறும்வரை விட்டுவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

வால்வைக் குற்றம் சொல்வதற்கு முன் அதுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் ஒழுகுகிறது என்று இல்லை. மேலே மரையில் கசிந்தால் அது உலோகத்தோடு இறங்கி வந்து வால்வின் மூக்கு நுனியில் தொங்கும். எல்லாவற்றையும் துணியால் துடைத்து, ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிவைத்தால் முதலில் நனைவது காட்டிக்கொடுத்துவிடும். கீசரின் அடி மூடிக்குள்ளிருந்து தண்ணீர் வந்தால் அது தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் கேஸ்கெட்டாகவோ (கசியாமல் அடைக்கும் ரப்பர்), துருப்பிடித்து ஓட்டையான டாங்காகவோ இருக்கும். உள்ளே மின்சார இணைப்புகள் இருக்கிற இடம் அது. அங்கே ஈரம் என்றால் சுவிட்சைப் போடவே கூடாது.

மாற்றும் வேலையைப் பற்றிக் கொஞ்சம். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மின்பெட்டியில் கீசருக்கான எம்சிபியை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை, இறக்க வேண்டும். தண்ணீர் வரும் ஆங்கிள் காக்கை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் நின்றதும் டாங்கு காலியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வெந்நீர் வெளியே வரும் குழாய் டாங்குக்குள் உச்சிவரை போகிறது. மேலே இருப்பதைத்தான் அது எடுக்கும். 15 லிட்டரும் உள்ளே அப்படியே நிற்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்தே வைத்துக்கொண்டு, அதன் வழியாகக் காற்று போகும்படி, வால்வின் லீவரைத் தூக்கிப் பிடித்தால்தான் அடியில் இருந்து வடியும். கழற்றும்போது இரண்டு ஸ்பேனர்: ஒன்று வால்வில், மற்றது டாங்கின் குழாயைத் திரும்பாமல் பிடிக்க. டாங்கிலிருந்து வரும் அந்தக் குட்டைக் குழாய் முறுகினால் கீசரே போச்சு.

புது வால்வின் அம்புக்குறி கீசரைப் பார்த்து இருக்க வேண்டும். எல்லை பழையதைவிட அதிகமாக இருக்கவே கூடாது. 8 இருந்த இடத்தில் 10 போட்டால் சொட்டு குறையும், டாங்குக்குத்தான் ஆபத்து. டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே, முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றினால் நூல் பிய்ந்து வால்வுக்குள் போகாது. வால்வுக்கும் கீசருக்கும் நடுவில் வேறு எந்த அடைப்பும் கூடாது. பிறகு தண்ணீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று துப்பி முடித்து ஒரே சீராகத் தண்ணீர் விழும்வரை மின்சாரத்தை ஏற்றவே கூடாது. காலி டாங்கில் எலிமென்ட் கருகிப்போகும்.

நாங்கள் தெர்மோஸ்டாட்டை 60க்கு இறக்கி வைத்திருக்கிறோம். உப்பு குறைவாகப் படியும், விரிவும் குறையும். அதற்குக் கீழே இறக்க எனக்கு மனமில்லை. தேங்கி நிற்கிற இளஞ்சூட்டுத் தண்ணீரில் கிருமி வளரும். மாதம் ஒருமுறை லீவரைத் தூக்கி விடுகிறேன், உப்பு ஒட்டி இறுகிப்போகாமல் இருக்க. வருடக்கணக்காக யாரும் தொடாத பழைய வால்வாக இருந்தால், தூக்கிய பிறகு மூடாமல் ஒழுக ஆரம்பிக்கலாம். ஆகவே அதைத் தொடும் நாளில் மாற்று வால்வு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தொடுங்கள். தூக்குவதற்கு முன் டியூபின் முனை எங்கே இருக்கிறது, பக்கத்தில் குழந்தைகள் நிற்கிறார்களா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.